வடிவம்மாளின் கை

"என் மக கடைக்கு மட்டும் ஏன் வர மாட்டேங்கீங்க?"

தில்லைநாயகம் வாத்தியாருக்கு வயது அறுபத்தொன்று. முப்பத்தைந்து வருஷம் கணக்குப் பாடம் எடுத்தவர். கேள்வி கேட்டுப் பழகியவரே தவிர, கைகட்டி நின்று பதிலுக்குக் காத்திருந்து பழகியவர் அல்ல.

வடிவம்மாளுக்கு நாற்பத்திரண்டு. முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

அந்த ஊர்ச் சந்தைத் தெருவில், வடிவம்மாள் கையால் போணி ஆகவேண்டும் என்று ஒவ்வொரு கடைக்காரனும் தவம் கிடந்தான். காலையில் எந்தக் கடையில் அவள் முதல் சாமான் வாங்குகிறாளோ, அந்தக் கடை மதியத்துக்குள் காலி. ஒரு நாளைக்கு ஒரு கடைதான். அவள் கேட்ட விலைக்குக் கொடுப்பார்கள். கேட்காததையும் பையில் போடுவார்கள். அந்தப் பையில்தான் அவள் வீடு ஓடியது. அவள் புருஷன் லாரியிலிருந்து விழுந்து, இடுப்புக்குக் கீழே விளங்காமல் ஆறு வருஷமாகக் கட்டிலில் கிடந்தான்.

வாத்தியாரின் மகள் செண்பகம் அதே தெருவின் கடைசியில் நைட்டிக் கடை வைத்திருந்தாள். அவளைக் கட்டினவன் திருப்பூருக்கு வேலைக்குப் போனவன் போனவன்தான். அந்த மாப்பிள்ளையைத் தேடிப் பிடித்துப் பத்துப் பொருத்தமும் பார்த்து முடித்து வைத்தவர் வாத்தியார். செண்பகம் அதைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. காபி டம்ளரை அவர் முன்னால் வைக்கும்போது முகத்தைப் பார்க்காமல் வைப்பாள். அவ்வளவுதான்.

நாலு வருஷம் அடுப்படிக்குள்ளேயே சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தவள், கடை வைத்த பிறகுதான் தலை சீவிக்கொண்டு வெளியே வந்தாள். ஆடி முடிவதற்குள் வியாபாரம் பிடிக்காவிட்டால் சாவியை வாங்கிவிடுவேன் என்று கடையை வாடகைக்கு விட்ட கட்டிடக்காரர் சொல்லியிருந்தார். கடை போனால் அவள் மறுபடியும் அடுப்படிக்குத்தான் போவாள். இந்த முறை எழுந்து வரமாட்டாள் என்று வாத்தியார் பயந்தார்.

"கேட்டேனே அம்மா."

"காதுல விழுந்திச்சு. நாளைக்கு ஏழரைக்கு வாங்க. என் கூட நடங்க. வாயத் திறக்கக் கூடாது."

"எத்தன நாளு?"

"வாயத் திறக்காம இருக்க முடியுத வரைக்கும்."

•

ஆடி மூன்றாம் தேதி, வெள்ளிக்கிழமை. வடிவம்மாள் பூக்கடையில் ஒரு முழம் மல்லிகை வாங்கினாள். பூக்காரர் பணத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். பத்து மணிக்குக் கூடை காலி.

ஞாயிற்றுக்கிழமை கறிக்கடை. கேட்க வேண்டுமா?

செவ்வாய்க்கிழமை மாவு மில்லில் அரைக்கிலோ கேப்பை மாவு. அன்று அம்மன் கோவிலில் கூழ் ஊற்றினார்கள். மில்காரருக்குச் சாப்பிடக்கூட நேரமில்லை.

புதன்கிழமை காய்கறிக் கடையில் ஒரு சீப்பு வாழைக்காய், ஒரு கட்டு அகத்திக்கீரை. மறுநாள் ஆடி அமாவாசை.

வாத்தியார் வாயைத் திறக்கவில்லை. வீட்டுக்கு வந்து சுவரில் தொங்கிய தினசரிக் காலண்டரைப் பார்த்தபடி நின்றார். கிழித்துப் போட்ட தாள்களைக் குப்பையிலிருந்து பொறுக்கி எடுத்து வரிசையாக வைத்துப் பார்த்தார்.

வியாழக்கிழமை காலையில் வாயைத் திறந்தார்.

"கையில ஒண்ணும் இல்ல. எல்லாம் காலண்டர்தான்."

வடிவம்மாள் சிரித்தாள். அவள் சிரித்து அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"பதினெட்டு வருசத்துல ஒருத்தருக்கும் தெரியல. கணக்கு வாத்தியாருக்கு ஒரு வாரம் ஆச்சு."

"நீங்க போகலேன்னாலும் அந்தக் கடை அன்னைக்கு வித்திருக்கும்."

"வித்திருக்கும்."

"இது ஏமாத்து இல்லையா?"

"எனக்குக் கைராசி உண்டுன்னு நான் என்னைக்காவது சொன்னேனா? ஒரு வைகாசி முகூர்த்தத்துல பூ வாங்கினேன். அன்னைக்கு அவருக்கு நல்ல வியாபாரம். ஒங்க கைதான்னாரு. மறுநாளும் வாங்கன்னாரு. மறுநாளு முகூர்த்தம் இல்ல. எனக்குக் காய்ச்சல்னு சொல்லிட்டேன். அம்புட்டுத்தான்."

ஏமாற்று வேலையைப் பிடித்த வாத்தியாரின் சந்தோஷம் அதற்குள் வடிந்துவிட்டது. அது மகளுக்கு எந்த விதத்திலும் உதவாது என்பது உறைக்க ஆரம்பித்தது.

"சரி. கை பொய்னு எனக்குத் தெரியும், ஒங்களுக்குத் தெரியும். ஊருக்குத் தெரியாதே. ஒருநாள் வந்து என் மகட்ட ஒரு நைட்டி வாங்குங்க. ஊரே வந்து நிக்கும்."

"அன்னைக்கு ஒருநாளு நிக்கும்."

"அது போதுமே."

"அந்தக் கடைக்கு எதுத்தாப்புல என்ன இருக்கு?"

எதிரே கட்டணக் கழிப்பிடம் இருந்தது.

"மறுநாளும் அது அங்கனதான் இருக்கும். ரெண்டாம் நாளு கூட்டம் வராது. மூணாம் நாளு, வடிவு கை பட்டும் வெளங்காத கடைம்பாங்க. நாலாம் நாளு, வடிவு கையே போச்சும்பாங்க. ஒங்க மக கடையும் போகும், என் வீட்டு அடுப்பும் அணையும். கட்டில்ல கிடக்காரே, அவருக்கு உங்க மகளா கஞ்சி ஊத்துவா?"

"இம்புட்டுக் கல்நெஞ்சா இருக்கீங்களே."

"இந்தக் கை ஒங்ககிட்ட இருந்தா நீங்க போவீங்களா?"

"ஒரு நிமிசம் யோசிக்க மாட்டேன்."

"சரி" என்றாள் வடிவம்மாள். அவள் குரலில் கோபம் கொஞ்சம்கூட இல்லை. அதுதான் வாத்தியாருக்கு என்னவோ போல இருந்தது.

•

மறுநாள் ஆடி இரண்டாம் வெள்ளி. பூக்கடை வாசலில் அவள் விலகி நின்று, பூக்காரரிடம் வாத்தியாரைக் காட்டினாள்.

"வீட்டுக்காரர மதுர ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். ஒரு மாசம் ஆகும். நான் வார வரைக்கும் இவர் கைதான் என் கை. வாங்குங்க, வாத்தியாரய்யா."

வாத்தியார் ஒரு முழம் வாங்கினார். பத்து மணிக்குக் கூடை காலி. தெரு நம்பிவிட்டது.

பஸ் ஏறும்போது வடிவம்மாள் சொன்னாள்.

"நாளைக்கே ஒங்க மக கடைக்குப் போங்க. ஏன் போனீங்கன்னு நான் கேக்க மாட்டேன். கை கெட்டாலும் கேக்க மாட்டேன்."

•

மறுநாளே போகத்தான் நினைத்தார்.

ஆனால் ஒரே ஒரு நாள் கையை யார் நம்புவார்கள்? நாலைந்து கடையில் பேர் நிலைக்கட்டும். அதற்குப் பிறகு மகள் கடைக்குப் போனால் அந்தப் பேரும் கூட வரும். கணக்கு சரியாகத்தான் இருந்தது. அவர் போட்ட கணக்கு எதுதான் தப்பியிருக்கிறது?

"ஆடிப் பூரம் கழியட்டும், வாரேன்" என்று செண்பகத்திடம் சொன்னார்.

"சரிப்பா" என்றாள். அன்றைக்குக் காபி டம்ளரை வைக்கும்போது அவர் முகத்தைப் பார்த்து வைத்தாள்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அவள் அவரைப் பார்க்கிறாள். கை என்று ஒன்று கிடையாது, எல்லாம் காலண்டர்தான் என்று அவளிடம் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் அந்தப் பார்வை போய்விடும். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று காபியைக் குடித்து முடித்தார்.

தெருவில் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள். ரிட்டயரான மறுநாளிலிருந்து அவருக்கு வணக்கம் வைக்க ஆளில்லாமல் இருந்தது. அவரிடம் படித்த பையன்களே செல்போனைப் பார்த்துக்கொண்டு கடந்து போவார்கள். இப்போது டீக்கடையில் பெஞ்சைத் துடைத்துப் போட்டார்கள். பை கனத்தது. கத்தரிக்காய், மாங்காய், அரைக்கிலோ அல்வா. அல்வாக் கடைக்கு அவர் ஆடிப் பெருக்குக்கு முந்தின நாள் போனார். பாடத்தை நன்றாகவே படித்திருந்தார்.

ஒருநாள் மண்பானை விற்கிறவர் வழியை மறித்துக்கொண்டார்.

"ஒரு சட்டி வாங்கிட்டுப் போங்கய்யா. நாலு நாளா ஒண்ணும் விக்கல."

"இன்னைக்கு வயிறு சரியில்ல. அங்கன இங்கன நிக்கப்படாதுன்னு டாக்டர் சொல்லியிருக்காரு."

அந்தப் பொய் அவ்வளவு சுலபமாக வாயில் வந்ததில் அவருக்கே ஆச்சரியம். முப்பத்தைந்து வருஷம் பையன்கள் அவரிடம் சொன்ன பொய்தான் அது. ஒருத்தனையும் அவர் மன்னித்ததில்லை.

"பெருக்கு கழியட்டும்" என்று செண்பகத்திடம் சொன்னார்.

"சரிப்பா. உங்களுக்கு எப்ப தோணுதோ அப்ப வாங்க."

பெருக்கும் கழிந்தது. அவர் காலண்டரைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். பூ விற்கிற நாள் இருந்தது. எலுமிச்சம்பழம் விற்கிற நாள் இருந்தது. வாழைக்காய்க்கு ஒரு நாள், கேப்பைக்கு ஒரு நாள். நைட்டிக்கு என்று எந்தப் பஞ்சாங்கக்காரனும் ஒரு நாள் குறித்து வைக்கவில்லை.

மதுரையிலிருந்து வடிவம்மாள் போன் செய்தாள்.

"மக கடைக்குப் போனீங்களா?"

"இன்னும் போகல. கை உங்களுதுல்லா. இரவல் வாங்கின சாமான். கெட்டுப்போச்சுன்னா நாளைக்கு நீங்க வந்து என்ன செய்வீங்க? அத நெனச்சுத்தான்…"

"நான் கையப் பத்திக் கேக்கலியே, வாத்தியாரய்யா."

போனை வைத்துவிட்டாள்.

வாத்தியாருக்கு அவள்மேல் கோபம் வந்தது. நல்லதை நினைத்துச் செய்தால் இதுதான் மரியாதை. அன்று முழுவதும் அந்தக் கோபத்தை விடாமல் வைத்துக்கொண்டிருந்தார். அதை விட்டால் வேறொன்றை யோசிக்க வேண்டியிருக்கும்.

•

ஆடி கடைசி வெள்ளி. மாதத்துக்கும் அதுதான் கடைசி நாள்.

"இன்னைக்கு வாரேன்" என்று முந்தின நாளே சொல்லியிருந்தார். செண்பகம் ஆறு மணிக்கே போய்க் கடை வாசலைக் கழுவிக் கோலம் போட்டாள். விளக்கேற்றி, சாம்பிராணி போட்டாள்.

வாத்தியார் ஏழரைக்குத் தெருவுக்குள் நுழைந்தார். உண்மையாகவே மகள் கடைக்குத்தான் நடந்தார். அதை அவருக்காக யாரும் சத்தியம் செய்யலாம்.

பாதித் தெருவில் எலுமிச்சம்பழக் கடைக்காரர் கையெடுத்துக் கும்பிட்டார். கோவிலுக்குப் போகிற பெண்கள் அங்கே அதற்குள் கூடிவிட்டார்கள். கடைக்காரர் இன்னும் ஒருத்தருக்கும் கொடுக்கவில்லை. எல்லோரும் அவரையே பார்த்தார்கள்.

தெருக் கோடியில் சாம்பிராணிப் புகை தெரிந்தது. எதிரே கழிப்பிடத்து வாசலில் ரெண்டு பேர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். நைட்டிக் கடை முன்னால் காக்கா குருவி இல்லை.

வெள்ளிக்கிழமை காலையில் நைட்டி வாங்க யார் வருவார்கள்? தெருவே பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கடையில் போணி செய்து, ஒரு ஈயும் வராமல் போனால்?

அவர் எலுமிச்சம்பழக் கடைக்குத் திரும்பினார். ஆறு பழம் வாங்கினார். கூட்டம் அவரை இடித்துக்கொண்டு உள்ளே பாய்ந்தது. அந்த நேரத்தில் அவருக்கு நிம்மதியாக இருந்தது. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

பிறகு எங்கெங்கோ சுற்றினார். குளத்தங்கரையில் உட்கார்ந்தார். சாப்பிடவில்லை. மதியம் மூன்று மணிக்கு மேல்தான் மகள் கடைக்குப் போக அவருக்குத் தைரியம் வந்தது.

செண்பகம் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அலமாரியில் நைட்டிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. விளக்கில் எண்ணெய் தீர்ந்து திரி கருகியிருந்தது.

"யாரும் வரலியாம்மா?"

"வந்தாங்கப்பா. காலையிலேர்ந்து பதினோரு பேரு."

வாத்தியாருக்குப் புரியவில்லை.

"பதினோரு பேரா? ஒருத்தரும் வாங்கலியா?"

"நான் குடுக்கல. இன்னும் போணி ஆகலேன்னு சொல்லிட்டேன். அப்பா வந்து தொடங்கி வைக்கணும்லா."

"இன்னைக்கு மட்டுமா?"

"நீங்க கை வாங்கின நாள்லேர்ந்தே அப்படித்தாம்ப்பா. முன்னால ஒரு நாளைக்கு ரெண்டு பேரு வந்தாப் பெருசு. இப்பதான் கைராசி வாத்தியார் மக கடைன்னு தேடிக் கேட்டுட்டு வாராங்க. ஏழு பேரு, எட்டுப் பேரு. சந்தைக்கு வார பக்கத்து ஊர்ப் பொம்பளைங்ககூட. அப்பா கை படட்டும், அப்புறம் வாங்கன்னு அனுப்பிருவேன். சிலபேரு சிரிப்பாங்க. சிலபேரு மூஞ்சியத் திருப்பிட்டுப் போவாங்க. போகட்டுமே."

இருபத்தோரு நாளில் ஒரு நாள்கூட, ராத்திரி சோறு போடுகிறவளிடம், இன்னைக்கு என்ன வித்தது என்று அவர் கேட்டிருக்கவில்லை. கேட்கப் பயந்துதான் கேட்கவில்லை.

"செண்பகம், கேளு. கைன்னு ஒண்ணு கிடையாதும்மா. எல்லாம் காலண்டர்தான். எந்தக் கடை எப்படியும் விக்குமோ அந்தக் கடைக்குத்தான் போறது. வடிவம்மாளும் அப்படித்தான், நானும் அப்படித்தான். பொய்ம்மா எல்லாம்."

அவள் சிரித்தாள். சின்னப் பிள்ளையில் அவர் தப்பாகக் கூட்டிக் காட்டி விளையாடும்போது சிரிக்கிற சிரிப்பு.

"காலையில பாத்தேம்லா. நீங்க எலுமிச்சம்பழம் வாங்கினீங்க. ஒரு மணி நேரத்துல கடையே காலி."

"நீ பாத்தியா?"

"இங்கன இருந்து நல்லாத் தெரியுதேப்பா. இங்க வார வழியில, அவங்க கூப்பிட்டதும் போயிட்டீங்க. அதுல என்ன இருக்கு? வெளியாளுக்குச் செஞ்சுட்டுத்தான வீட்டுக்குச் செய்ய முடியும்."

அவர் சட்டைப்பையில் கையை விட்டார். கையில் சிக்கிய நோட்டை எடுத்து நீட்டினார்.

"இப்பக் குடு. எது வேணா குடு. வாங்கிக்கிடுதேன்."

செண்பகம் நோட்டை வாங்கவில்லை. அவர் முகத்தைப் பார்த்தாள். காபி கொடுக்கும்போது பார்க்கிற அதே பார்வைதான்.

"இப்ப எமகண்டம்ப்பா. இம்புட்டு நாளு காத்திருந்துட்டு எமகண்டத்துலயா போணி பண்ணுவாங்க? கட்டிடக்காரர் சாவி கேட்டு நாளைக்குப் பத்து மணிக்குத்தான் வாராரு. நீங்க ஏழு மணிக்கே வந்திருங்க. அதுவரைக்கும் ஒருத்தருக்கும் குடுக்க மாட்டேன்."